மாற்றங்கள் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், மிட்சுபிஷி செடியா, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற கார்களை ஆசையாக வாங்கி, ஆண்டுக்கணக்கில் பணம் போட்டு எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், வீல் என்று ஒவ்வொன்றாக மாற்றி வைத்திருப்பவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கணிசமாக இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை, வீடு கட்டுதல், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இவற்றை விற்க வேண்டிய நிலை வரும்போது, ஒரு சாதாரண ஆல்டோவையோ ஸ்விஃப்ட்டையோ விற்பது போல இதை விற்றுவிடலாம் என்று நினைத்தால் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும். வாங்குவோர் மிகச் சிலர். ஆர்சி புத்தகத்தில் பதிவாகியிருக்கும் காரும் ஷெட்டில் நிற்கும் காரும் பல நேரங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மாற்றங்களுக்குச் செலவழித்த பணமும் விலையில் திரும்பி வராது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் விற்பனைக்குத் திட்டமிட வேண்டும்.

என் கருத்தில், இத்தகைய காருக்கு நல்ல விலை வாங்கித் தருவது அதில் பூட்டியிருக்கும் விலையுயர்ந்த பாகங்களைவிட, அதன் ஆவணங்களும், பத்திரமாக எடுத்து வைத்த கம்பெனி பாகங்களும், விற்பவர் மறைக்காமல் சொல்லும் விவரங்களுமே ஆகும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்த அடிப்படையில் எழுந்தவை.

சட்டம் என்ன சொல்கிறது

விளம்பரம் எழுதுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ஆராய்ந்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், தரமான பிரேக் பேட், அதே அளவில் நல்ல கம்பெனி டயர் ஆகியவற்றைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. சத்தம் போடும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், பாடிக்கு வெளியே துருத்தும் அகல டயர், தரையை ஒட்டித் தாழ்த்திய சஸ்பென்ஷன், ஆர்சியில் பதியாத நிற மாற்றம், வேறு எஞ்சின் பொருத்துதல் ஆகியவைதான் சிக்கலைக் கொண்டுவருபவை. கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்துவிட்டது. நம் மாவட்டத்துக்கு இதில் கூடுதலாக ஒரு கவலையும் உண்டு. வாங்க வருபவர்களில் பலர் திருவனந்தபுரம் பக்கத்தவர்கள். களியக்காவிளையைத் தாண்டியதும் கேரள மோட்டார் வாகனத் துறையின் சோதனை கடுமையாக இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதால், வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்வதிலேயே அபராதம் கட்ட நேருமோ என்று அஞ்சி, நல்ல காரைக்கூட விட்டுவிட்டுப் போவார்கள்.

எதைக் கழற்றுவது, எதை விடுவது

எனவே முதல் வேலை, செய்த மாற்றங்களை ஒரு தாளில் முழுமையாக எழுதி, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியவை எவை, முடியாதவை எவை என்று பிரிப்பது. எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் அல்லது காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), விளக்குகள், ஸ்டீயரிங், சீட் ஆகியவை போல்ட்டைக் கழற்றினால் போய்விடும். இவற்றின் கம்பெனி பாகங்கள் மாடியிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இருந்தால், அவற்றைத் தேடி எடுத்து மீண்டும் பூட்டி, காரைக் கம்பெனி நிலையில் விற்பதே பெரும்பாலானோருக்கு நல்லது. அப்படிச் செய்தால் வாங்குவோரின் எண்ணிக்கை கூடும், பெயர் மாற்றத்துக்கோ எஃப்சிக்கோ (தகுதிச் சான்று) ஆய்வாளர் முன் காரை நிறுத்த வேண்டியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, கழற்றிய பாகங்களைத் தனியாக விற்று இன்னொரு வருமானமும் பார்க்கலாம்.

கம்பெனி பாகங்கள் தொலைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் விசாரிக்கலாம். பாலியோ, லான்சர் போன்றவற்றின் சைலன்சரும் ஸ்பிரிங்கும் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், நன்றாக இருக்கும் பழையதே போதுமானது. புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்திருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் புகைச் சான்று வாங்கும் இடத்திலேயே அது சிக்கலைத் தரும்.

டர்போ உள்ள ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற காரில் ரீமேப் செய்திருந்தால், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றியிருந்தால், பழைய மேப் கோப்பு ட்யூனரிடம் இன்னும் இருக்கிறதா என்று விற்பனைக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி நிலையில் 150 குதிரைத்திறன் தரும் அந்த 1.8 லிட்டர் எஞ்சினை ரீமேப் செய்து இவ்வளவு கூட்டினோம் என்று சொல்வதானால், திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஓட்டி எடுத்த தாள் கையில் இருக்க வேண்டும். தாள் இல்லாத குதிரைத்திறனை விளம்பரத்தில் எழுதவே கூடாது. விவரம் தெரிந்த வாங்குபவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

ஒட்டுமொத்தமாக மாற்றப்பட்ட கார்களுக்கு, அதாவது ரோல் கேஜ் (உள்ளிருப்பவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) பற்றவைத்து, உள் அலங்காரம் முழுவதையும் அகற்றிய வண்டிகளுக்கு, இந்த அறிவுரை பொருந்தாது. அவற்றைச் சாலைக் காராக மீட்க ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். பந்தயக் களம் உள்ள கோயம்புத்தூரிலோ சென்னையிலோ களத்தில் ஓட்டுவதற்கென்றே வாங்குபவரைத் தேடிப் பிடித்து, சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் ஒழுங்கான வழி.

வேறு எஞ்சின் பொருத்தியிருப்பது தனிப் பிரச்சினை. எஞ்சின் எண் ஆர்சியில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால் அந்தக் காரை யாருக்கும் முறையாகப் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது. பழைய எஞ்சின் இருந்தால் அதையே திரும்பப் பூட்டுங்கள். இல்லையென்றால், எஞ்சின் வாங்கிய பில்லோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி, பதிவில் சேர்க்க வழியுண்டா என்று கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குபவரிடம் பேசுங்கள். புரோக்கர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பி இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கடற்காற்றும் துருவும்

வெளியூரிலிருந்து வாங்க வருபவர் டிஎன் 74 அல்லது டிஎன் 75 எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்பது துருவைப் பற்றித்தான். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நின்ற காருக்கு உப்புக்காற்று ஒருபுறம் என்றால், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளையும் முழுமையாகப் பெறும் மாவட்டம் இது என்பதால் அடிப்பகுதி காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. தாழ்த்திய கார்களில் இது இன்னும் மோசமாகும், ஏனெனில் வேகத்தடைகளில் அடி உரசி, துருவைத் தடுக்கும் அண்டர்கோட்டிங் பெயர்ந்திருக்கும்.

ஆகவே காரை லிஃப்ட்டில் ஏற்றி நீங்களே முதலில் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், ஸ்டெப்னி இருக்கும் குழி, முன் ஸ்ட்ரட் பொருந்தும் மேல்பகுதி, அகல டயருக்காக உள்விளிம்பை மடித்த வீல் ஆர்ச் ஆகியவை துரு தொடங்கும் இடங்கள். கதவைத் திறந்து அதன் கீழ் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால், மழைநீர் வடிவதற்கென்று சின்னஞ்சிறு துளைகள் இருப்பது தெரியும். அவை மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து அடைத்துப்போயிருந்தால், கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரித்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே விளிம்பை அழுத்தினால் மொறுமொறுவென்று உதிரும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுவதும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் டிங்கரிங் செய்து கனமாகப் பட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வாங்க வருபவரும் இதைத்தான் செய்வார், ஆகவே அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்திருக்கும் இடம் துருப்பிடித்துத் தெளிவில்லாமல் இருந்தால், உப்புத்தாளோ கிரைண்டரோ போட்டுத் தேய்த்து விடாதீர்கள். எண்ணைத் திருத்த முயன்றது போன்ற தடயம் விழுந்துவிட்டால், ஆய்வாளர் திருட்டு வண்டியோ என்று சந்தேகிக்க அதுவே போதும். துருநீக்கித் திரவத்தை மெல்லிய துணியில் தொட்டுப் பொறுமையாகத் துடைத்து, எண் தெரிந்ததும் அதன்மேல் கிரீஸ் தடவி வையுங்கள். பிற்பாடு, எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் சேசிஸ் பிரிண்ட்டுக்கு அந்த எண்கள் தெளிவாக விழ வேண்டும்.

துரு இருந்தால், அதை மறைத்துப் புதிய பெயிண்ட் அடிப்பதைவிட, அப்படியே படம் எடுத்து வாங்குபவருக்குக் காட்டுவது மேல். விற்பதற்காக அவசரமாக அடித்த பெயிண்ட்டை அனுபவமுள்ளவர்கள் ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் படிந்த நிறத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எஞ்சினின் நிலையை எழுத்தில் வைத்திருத்தல்

மாற்றங்கள் செய்த காரை வாங்குபவருக்கு உள்ள பெரிய அச்சம், முந்தைய உரிமையாளர் எஞ்சினை வதைத்திருப்பாரோ என்பதே. அந்த அச்சத்தைப் பேச்சால் போக்க முடியாது. நம்பகமான மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை) எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வாங்குங்கள். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால், ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு தாள் புரியவைத்துவிடும். டைமிங் பெல்ட், கிளட்ச், ஆயில் மாற்றிய பில்கள், டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஆகியவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பழைய பில் கிடைக்கவில்லை என்றால், அந்த வேலையைச் செய்தவரிடம் இப்போது கேட்டு எழுதி வாங்கலாம், ஆனால் பழைய தேதி போட்டு வாங்கக் கூடாது.

விலை வைப்பது

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அதே மாடல், அதே ஆண்டு, மாற்றம் எதுவும் செய்யாத கார் நல்ல நிலையில் 3,00,000 ரூபாய்க்குப் போகிறது என்றும், உங்கள் காருக்கு டயர் நான்கும் டைமிங் பெல்ட்டும் கிளட்சும் மாற்ற 45,000 ரூபாய் ஆகும் என்றும், நீங்கள் எக்ஸாஸ்ட்டுக்கும் காயிலோவருக்கும் 1,20,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்றும் கொள்வோம். பெரும்பாலானோர் மூன்று லட்சத்தோடு 1,20,000 ரூபாயைக் கூட்டி, 4,20,000 ரூபாய் என்று விலை சொல்வார்கள். அந்த விலைக்கு ஒருவரும் வரமாட்டார். முறையான கணக்கு என்னவென்றால், கம்பெனி நிலைக்கு மாற்றிய காருக்கு, மூன்று லட்சத்திலிருந்து பாக்கி வேலைகளைக் கழித்த 2,55,000 ரூபாய். கழற்றிய பாகங்களைப் பில்லோடு தனியாக விற்றால், அவற்றின் நிலையைப் பொறுத்து 50,000 ரூபாய் வரை வரக்கூடும். ஆக, மொத்தம் 3,05,000 ரூபாய். காரோடு சேர்த்தே பாகங்களையும் விற்றால் இந்தத் தொகை கிடைப்பது கடினம், ஏனெனில் உங்கள் ரசனையும் வாங்குபவரின் ரசனையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

ஒப்பிடுவதற்கு மூன்று நான்கு கார்களின் விலையாவது தெரிய வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாமல், உண்மையில் விற்றுப்போன விலையை விசாரியுங்கள். நம் மாவட்டத்தில் இத்தகைய கார்கள் கை மாறுவது அபூர்வம் என்பதால் கோவை, சென்னை, கொச்சி, பெங்களூரு விலைகளையும் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்கி விற்கும் பெரிய கம்பெனிக் கடைகள் இதை ஒரு சாதாரணப் பழைய காராகத்தான் கணக்கிட்டு, செய்த மாற்றங்களுக்கு மேலும் கழிப்பார்கள். அவசரமாகப் பணம் தேவைப்படுபவர் மட்டும் அங்கே போகலாம்.

வயதும் விலையைப் பாதிக்கும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. இன்னும் சில மாதங்களில் முடியப்போகும் ஆர்சியோடு விற்பதைவிட, காரைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்த கையோடு புதுப்பித்துவிட்டு விற்றால், ஐந்தாண்டு நிம்மதிக்கான விலையைத் தயங்காமல் கேட்கலாம்.

காலமும் விளம்பரமும்

குமரியில் வண்டி வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்கத் தயங்குபவர்கள் பலர். கொட்டும் மழையில் யாரும் காரின் அடியில் படுத்துப் பார்க்க விரும்புவதுமில்லை. வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறையில் வருவதும், தை பிறந்ததும் மற்றவர்கள் வாங்கத் தொடங்குவதும் சேர்ந்து, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம் என்பது என் கணிப்பு. கேரளத்து வாங்குபவர்களை எதிர்பார்த்தால் ஓணத்துக்கு முந்தைய வாரங்களும் நன்றாக இருக்கும்.

படங்களை அதிகாலையிலோ மாலையிலோ, வெயில் மங்கிய நேரத்தில் எடுங்கள். கடற்கரையில் நிறுத்தி எடுப்பது அழகாக இருக்கும் என்றாலும், உப்புக்காற்றில் நின்ற கார் என்ற எண்ணத்தை அந்தப் படமே வாங்குபவர் மனத்தில் விதைத்துவிடும். வெளிப்புறம் எட்டுப் படம், உள்ளே நான்கு, எஞ்சின், அடிப்பகுதி, ஓடோமீட்டர், நான்கு டயர்கள், ஒவ்வொரு கீறலும் துருவும், கழற்றி வைத்த பாகங்கள் என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுங்கள். இணையத்தில் போடும் படத்தில் நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுவது நல்லது.

விளம்பரத்தின் நடை இப்படி இருந்தால் போதும்: "ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2002 மாடல், டிஎன் 74 பதிவு, இரண்டாம் ஓனர். ஆர்சி 2027 வரை உள்ளது. ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) ரத்து செய்யப்பட்டது. முன்பு தாழ்த்தப்பட்டிருந்த சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்ட்டும் கம்பெனி நிலைக்கு மாற்றப்பட்டுள்ளன. இடப்பக்கப் பின்கதவின் அடிவிளிம்பில் சிறிய துரு உண்டு, படத்தில் பார்க்கலாம். முன்பம்பர் ஒருமுறை மாற்றப்பட்டது. ஏசி வேலை செய்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் தாளும் பில்களும் உண்டு. வண்டியை நாகர்கோவிலில் பார்க்கலாம்." குறைகளை எழுதினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று சிலர் பயப்படுவார்கள். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுதும் பயணம் செய்து வந்தவர், எழுதாத ஒரு குறையை இங்கே வந்து கண்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் எந்த விலையையும் நம்பமாட்டார். குறையை முன்பே படித்துவிட்டு வருபவர் வாங்கும் முடிவோடு வருகிறார்.

பார்க்க வருபவரும் ஓட்டிப் பார்ப்பதும்

வருபவரின் ஓட்டுநர் உரிமத்தை முதலில் வாங்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நடப்பில் இல்லாமல் யாரையும் ஓட்ட விடாதீர்கள். விற்கிறோமே என்று இன்ஷூரன்ஸைக் காலாவதியாக விட்டுவிடுவது பெரிய ஆபத்து, மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் இருந்திருந்தால் அதுவும் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணமாகலாம். காரை வீட்டில் முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தையும் புகையையும் கேட்கவும் பார்க்கவும்தான் விவரமானவர் காலையிலேயே வருகிறார். முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு அவர் ஓட்டும்போது பக்கத்தில் அமருங்கள். சாவியைக் கொடுத்துத் தனியாக அனுப்பவே கூடாது.

எந்தச் சாலையில் ஓட்டிக் காட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆரல்வாய்மொழியிலிருந்து காவல்கிணறு பக்கம் செல்லும் சாலை திறந்த வெளியாக இருப்பதால் பலரும் அங்கே போகிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். அதை உணர்ந்த வெளியூர்க்காரர், வீல் அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்றோ கதவு ரப்பர் போய்விட்டது என்றோ நினைத்துக்கொள்வார். அந்த மாதங்களில் காற்று அடங்கிய காலை நேரத்தில் போங்கள், அல்லது வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். பொதுச்சாலையில் வேகத்தைக் காட்டி விற்க வேண்டிய கார் எதுவும் இல்லை. கியர் மாற்றம், பிரேக், ஸ்டீயரிங், ஏசி போட்ட நிலையில் வெப்பமானியின் முள் ஏறாமல் நிற்பது ஆகியவற்றை 60 கிலோமீட்டர் வேகத்திலேயே காட்டிவிடலாம்.

பணம் வாங்குவதில் கண்டிப்பாக இருங்கள். வருமான வரிச் சட்டப்படி ஒரே விற்பனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே தண்டம் விதிக்கப்படலாம். ஆர்டிஜிஎஸ் அல்லது நெஃப்ட் வழியாகப் பணம் கணக்கில் ஏறியதை வங்கிச் செயலியில் நீங்களே பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், காரைப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும் என்று யாராவது பேசினால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதோ பின் எண்ணைப் போடுவதோ ஒருபோதும் தேவைப்படாது.

பெயர் மாற்றம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். கார் கை மாறிய பிறகும் ஆர்சியில் உங்கள் பெயரே இருந்தால், விபத்து நேரும்போது இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள்மேல்தான் விழும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கார் மூன்று நான்கு கைகள் மாறிப் போயிருந்த ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு அது. வேகமாக ஓட்டும் ஆசையில் வாங்கப்படும் காருக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் வெறும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் நிரப்பாமல் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது நம் பகுதியில் வழக்கமாகவே இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். விடுமுறை முடியும் முன் பெயர் மாற்றம் நடக்கும்படி, வந்த முதல் வாரத்திலேயே விற்பனையைத் தொடங்குங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன், அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹன் தளத்தில் காரின் விவரங்களைப் பார்த்து மூன்றைச் சரிசெய்ய வேண்டும். முதலாவது, பதிவில் உள்ள கைப்பேசி எண். வெளிநாடு போகும்போது கைவிட்ட பழைய எண் அங்கே இருந்தால் ஓடிபி வராது, எனவே முதலில் அதை மாற்றுங்கள். இரண்டாவது, ஹெச்பி. கடன் அடைத்துப் பத்தாண்டு ஆகியிருந்தாலும், ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஆர்சியில் அப்படியே இருக்கும். அந்தக் கம்பெனியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-உம் தேவை. கம்பெனி வேறொன்றோடு இணைந்திருந்தால், கடிதம் வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆகும். மூன்றாவது, கட்டாத இ-சலான்கள் (போக்குவரத்து அபராதங்கள்).

வாங்குபவர் தமிழ்நாட்டுக்குள் இருந்தால் விற்பனையை 14 நாட்களுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும், 30 நாட்களுக்குள் அவர் விண்ணப்பிக்க வேண்டும். கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போவதானால் படிவம் 28 வழியாக நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் அலுவலகத்தில் என்ஓசி வாங்க வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன சேசிஸ் பிரிண்ட். என்ஓசி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. வாங்குபவர் தன் மாநிலத்தில் வரி கட்டிப் புதிய எண் வாங்கும்வரை கார் உங்கள் பெயரிலேயே நிற்கும். ஆகவே விலைக்கு மேல் ஒரு தொகையை, பதிவு முடிந்ததும் திருப்பித் தரும் வைப்புத்தொகையாகப் பெற்று வைத்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன். நேர்மையான வாங்குபவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

காரைக் கொடுக்கும் நாளில் ஒப்படைப்புக் கடிதம் இரண்டு பிரதிகள் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு, சேசிஸ் எண், எஞ்சின் எண், விலை, பணம் வந்த வழி ஆகியவற்றோடு, காரில் இன்னும் இருக்கும் மாற்றங்கள் ஒவ்வொன்றையும், சொல்லப்பட்ட குறைகளையும், கொடுத்த உதிரிபாகங்களையும், எத்தனை சாவி என்பதையும் எழுத வேண்டும். அந்த நேரத்துக்குப் பிறகு நடக்கும் விபத்து, அபராதம், குற்றம் அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு என்ற வரியும் இருக்கட்டும். அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது என்றாலும், இடைப்பட்ட நாட்களில் ஏதாவது நேர்ந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அது. நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதுவது முக்கியம், ஏனெனில் வேகத்துக்கான கேமரா அபராதம் நிமிடக் கணக்கில்தான் வரும்.

ஒப்படைத்த பிறகு

கண்ணாடியில் உள்ள ஃபாஸ்டேக்கை நீங்களே உரித்து, வழங்கிய வங்கியில் கணக்கை முடியுங்கள். இல்லையென்றால் அவர் செல்லும் சுங்கச்சாவடிகளின் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. விற்ற ஆதாரத்தைக் காட்டி அதற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்கினால், அடுத்து வாங்கும் காருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் பயன்படுத்தி, சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறைத்துக்கொள்ளலாம். பதிவு உண்மையில் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பரிவாஹன் தளத்தில் பாருங்கள். புதிய உரிமையாளரின் பெயர் அங்கே ஏறியதும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஒப்படைப்புக் கடிதத்தோடு வைத்துவிட்டு, அவருடைய வைப்புத்தொகையை அன்றே அனுப்பிவிடுங்கள்.